வண்டி பின்னால் வருகிறது என்பதற்காக

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரை ஓரமாகவே சைக்கிளில் போகலாமா என்று யாராவது எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டால், அடுத்த அரை மணி நேரத்தில் வரப்போகும் கேள்விகளை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். என்ன சைக்கிள் வேணும்? எத்தனை கியர்? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்? சராசரி வேகம் என்ன? கடைசியில் ஒருவர் வந்து எல்லாவற்றையும் முடித்துவைப்பார்: "சப்போர்ட் வண்டி வருதுல்ல, அப்புறம் என்ன?"

அந்தக் கடைசி ஆளுக்குத்தான் இந்தப் பதிவு.

துணைக்கு வண்டி வருவதால் பயணம் சுலபமாகிவிடும் என்பது பாதி உண்மை. தனியாகப் போகிறவர் உடம்பு சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளலாம். கால் கெஞ்சினால் சிதம்பரத்தோடு நிறுத்தி, குளித்துவிட்டு, நடராஜரைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். குழுவோடு போகும்போது நாகப்பட்டினத்தில் அறை போட்டாகிவிட்டது, ராத்திரிச் சாப்பாடு சொல்லியாகிவிட்டது, மறுநாள் காலை ஐந்தரைக்கு எல்லோரும் கிளம்பியாக வேண்டும். உங்கள் கால் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. நீங்கள் தயாராகாமல் வந்தால் அதன் பாரம் உங்கள் மேல் மட்டும் விழாது. வெயிலில் உங்களுக்காகக் காத்து நிற்கிறவர்கள் மேலும் விழும். வண்டி பையைச் சுமக்கும், தண்ணீர் கேனைச் சுமக்கும். இதைச் சுமக்க அதில் இடம் கிடையாது.

பிரெவே எனப்படும், நேரக்கெடு வைத்த நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களை ஓட்டும் நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ளும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும், வழியில் வருகையைப் பதிவுசெய்யும் கன்ட்ரோல் பாயின்ட் தவிர வேறெங்கும் யாருடைய உதவியும் வாங்கக்கூடாது என்ற விதியில் பழகியவர்கள். அவர்களுடைய உறுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அப்படிப்பட்டவர்களில் சிலர் இந்த மாதிரிப் பயணத்தின் மூன்றாம் நாள் காலை, இட்லித் தட்டின் முன்னால் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிரெவேயில் ஒரு ராத்திரி முழித்து ஓட்டிவிட்டு, அடுத்த வாரம் முழுக்க மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறலாம். இங்கே மறுநாளே ஏற வேண்டும், அதற்கு மறுநாளும். இது வேறு வகைக் களைப்பு. இதற்குத் தனியாகத்தான் பழக வேண்டும்.

முதலில் பாதை. நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு ஆறு நாள்: சென்னை – புதுச்சேரி, புதுச்சேரி – நாகப்பட்டினம், அங்கிருந்து பட்டுக்கோட்டை, பிறகு ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி. மொத்தம் எழுநூற்றைம்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். முதல் இரண்டு நாளும் தலா 150க்கு அருகில். மூன்றாம் நாளை வேண்டுமென்றே நூறுக்குள் அடக்குகிறோம். ஆசை அதிகமுள்ளவர்கள் அந்த நாளை நீட்டி மணமேல்குடி, மீமிசல் பக்கம் போய்த் தங்கலாம் என்பார்கள். வேண்டாம். மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அறைக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட முடிந்தால்தான் நான்காம் நாள் தொண்டி வழியாகப் போகும் அந்த நீளச் சாலையை முகம் சுளிக்காமல் ஓட்ட முடியும். அங்கே நிழல் குறைவு, பெரிய ஊர்களும் குறைவு.

மலை கிடையாது. அதனால் நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் போன்ற பயணத்துக்குத் தயாராகிறவர் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துத்தான் பயிற்சி செய்வார். அங்கே கஷ்டம் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஏறி முடித்தால் இறக்கம் வரும், கால் ஓய்ந்திருக்கும், உட்கார்ந்த இடமும் மாறும். சமவெளியில் அப்படி ஒரு சலுகை இல்லை. கால் சுற்றுவதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். ஒரே இருக்கை, ஒரே குனிவு, ஒரே சுற்று, ஆறேழு மணி நேரம். சமவெளி சுலபம் என்று சொல்கிறவர் அதில் அடுத்தடுத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

மலைக்குப் பதில் காற்று இருக்கிறது. ஜனவரியில் தெற்கே போனால் வடகிழக்குக் காற்று பெரும்பாலும் முதுகில் கை வைத்துத் தள்ளும். அதே பாதையை ஜூன், ஜூலையில் யோசிக்கவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்று உவரி, கூடங்குளம் பக்கம் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஜனவரிக்கு என்று ஒரு தொல்லையும் உண்டு. டெல்டாவில் சம்பா அறுவடை நேரம். சாலையில் பாதியை நெல்லும் வைக்கோலும் பிடித்திருக்கும். காய்ந்த நெல்மணி மேல் டயர் ஏறினால் வழுக்கும், வைக்கோல் பின் கியரில் சுற்றிக்கொண்டால் ஒவ்வோர் இழையாகப் பிடுங்க வேண்டியிருக்கும். அங்கே வேகத்தைக் குறைத்து, காய வைத்தவரின் நெல்லை மிதிக்காமல் ஒதுங்கிப் போவதுதான் மரியாதை.

இனி பயிற்சி. என்னிடம் கேட்பவர்களிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இரண்டாம் நாள் காலைக்குப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 120 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுத் தூங்கி, திங்கள்கிழமை அலுவலகத்தில் கெத்தாக நடப்பதால் இந்தப் பயணத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதே தூரத்தைச் சனி, ஞாயிறு இரண்டாகப் பிரித்து ஓட்டுங்கள். சனிக்கிழமை திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அலாரம் அடிக்கும்போது தொடை கனத்து, உட்காரும் இடம் எரிந்து, 'இன்னைக்கு விட்ருவோமே' என்று மனசு கெஞ்சும் பாருங்கள், பயிற்சி அங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுந்து போய் முட்டுக்காடு பாலம் வரைக்குமாவது ஓட்டிவிட்டு வாருங்கள். முதல் இருபது கிலோமீட்டர் நரகம். அதற்குப் பிறகு கால் தானாக இளகும். இளகும் என்பதை உடம்பு ஒருமுறை தெரிந்துகொண்டால், பயணத்தின் நடுவே நாகப்பட்டினத்தில் விடிகாலை எழும்போது அது பதறாது.

வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் இறக்குங்கள். பயணத்தின் மிக நீளமான நாளில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது நூறு கிலோமீட்டரை, அடுத்தடுத்த இரண்டு நாள் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை மனிதராக வேலைக்குப் போக முடிந்தால் நீங்கள் தயார். 150ஐ முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கடைசி வாரம் சும்மா காலை அசைத்துவிட்டு வாருங்கள், போதும். விட்டுப்போன பயிற்சியை அந்த வாரத்தில் பிடித்துவிடலாம் என்று ஓட்டுகிறவர்கள்தான் முதல் நாளே மரக்காணம் உப்பளத்தைத் தாண்டும்போது முழங்காலைத் தடவிக்கொண்டு வருகிறார்கள்.

முழங்கால் என்றதும் இருக்கை உயரம். பெரும்பாலானவர்கள் தாழ்வாகத்தான் வைத்திருக்கிறார்கள், நிறுத்தும்போது இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்ற சின்ன வயசுப் பழக்கம். பெடலைக் கீழே கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் இருக்கை தாழ்வாக இருக்க வாய்ப்பு அதிகம், பின்பக்கம் வலித்தால் உயரமாக. இதைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே சரிசெய்துவிட்டு, அப்புறம் யார் என்ன சொன்னாலும் தொடாதீர்கள். புதுச்சேரியில் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு நிபுணர் உங்கள் அறைக்கு வந்து, "அண்ணே, சீட்ட ஒரு அரை இன்ச் தூக்கிப் பாருங்க" என்பார். கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

உட்காரும் இடத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நான் பேசுகிறேன், ஏனென்றால் நடுவழியில் வண்டி ஏறியவர்களில் கால் ஓய்ந்து ஏறியவர்களைவிட உட்கார முடியாமல் ஏறியவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன். இருக்கைக்கு மேல் மெத்தென்று ஜெல் உறை மாட்டுவது முதல் அரை மணி நேரத்துக்குச் சுகம். பிறகு அது அமுங்கி, எலும்பு தாங்க வேண்டிய எடையைச் சதை தாங்கத் தொடங்கும். நல்ல இருக்கையில் எடை முழுதும் இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்க வேண்டும். அதனால் இருக்கையின் மென்மையை விட்டுவிட்டு அகலத்தைப் பாருங்கள். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக்கூடாது. இதைச் சொன்னால் புதியவர்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். ஜட்டியின் தையல்தான் தொடை இடுக்கில் அறுக்கிறது. கிளம்பும் முன் வாசலினோ அதற்கென்று விற்கும் களிம்போ தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் எழுந்து நின்று பத்து மிதி மிதியுங்கள். வலிக்கும்போது எழுந்தால் லேட். வலி இல்லாதபோதே எழுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கைக்கும் இதே கதைதான். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் உள்ளங்கை ஓரத்தில் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது என்று பொருள். கையுறை உதவும். பிடியை அடிக்கடி மாற்றுவது அதைவிட உதவும்.

சாப்பாட்டுக்கு வருவோம். பசித்த பிறகு சாப்பிடுகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தொடர்ந்து ஓட்டும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால்தான் மத்தியானம் வரை தாக்குப்பிடிக்கும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். ஆக மணிக்கு ஒரு பழமும் இரண்டு கடலை மிட்டாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். (2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி மிட்டாய்தான் வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒருவர் அடம்பிடிப்பார். அந்த விஷயத்தில் நானும் அவர் கட்சி.) வெளிநாட்டு எனர்ஜி ஜெல் பாக்கெட்டை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சியில் தொட்டுக்கூடப் பார்க்காத எதையும் பயணத்தில் முதல்முறையாக வயிற்றுக்குள் விடாதீர்கள். வயிற்றுக்கும் பயிற்சி தேவை. மிதித்துக்கொண்டே மெல்வதும் விழுங்குவதும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது போல வராது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர், வெயில் ஏறினால் இன்னும் கொஞ்சம். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல் என்று ஆரம்பிக்கும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பவர்களும் உண்டு. இளநீர் அருமையானது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் மட்டுமே கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான தூளை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கிக் குடித்துவிட்டு, "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னுதான்" என்று சொன்ன தம்பி அன்று மத்தியானம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். மதியத்துக்குத் தயிர்சாதமும் ஊறுகாயும். பரோட்டா, சால்னாவை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் எண்ணெயில் பொரித்த பரோட்டா சாப்பிடாமல் போவது தப்பு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

சைக்கிள் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஏற்கெனவே உங்களிடம் இருப்பதே போதும், பிரேக்கும் சக்கரமும் ஒழுங்காக இருந்தால். 28 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் புதிய செயின், புதிய டயர் மாட்டி ஒரு நூறு கிலோமீட்டராவது ஓட்டிவிடுங்கள். பயணத்துக்கு முந்தின நாள் சர்வீஸுக்கு விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். புதிதாக இழுத்த கேபிள் ஓட ஓடத்தான் தளரும்.

துணை வண்டியில் ஸ்பேர் எல்லாம் இருக்கும் என்று நம்புவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பம்ப் இருக்கும், ஸ்பேனர் இருக்கும், பொதுவான அளவில் டியூப் இருக்கும். பின் கியரைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் என்று விரல் நீள அலுமினியத் துண்டு ஒன்று உண்டு. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். கியரையும் சட்டத்தையும் காப்பாற்ற அது தன்னை வளைத்துக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் அதன் வடிவம் மாறும். மீமிசலில் நின்றுகொண்டு அதைத் தேடினால் கிடைக்காது, ராமநாதபுரத்திலும் கிடைக்காது. உங்கள் சைக்கிளுக்கான ஹேங்கர் ஒன்றை முன்பே வாங்கி இருக்கைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒன்று. ஒன்பது கியர் செயினின் கண்ணி பதினொன்றுக்கு உட்காராது. அப்புறம் இரண்டு டியூப். ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் சாலை ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள். பஞ்சர் ஆனால் டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். முள்ளின் தண்டு ஒடிந்து போயிருக்கும், நுனி மட்டும் ரப்பருக்குள் குத்திக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் புது டியூபை மாட்டினால் அடுத்த கிலோமீட்டரிலேயே அதுவும் போகும். வீட்டு ஹாலில் உட்கார்ந்து பின் சக்கரத்தைக் கழற்றி மாட்ட நாலு தடவை பழகிவிட்டு வந்தால் குழு உங்களைக் கையெடுத்துக் கும்பிடும்.

கூட்டமாக ஓட்டுவது தனி வித்தை. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிப் போனால் எதிர்காற்றில் ஐந்தில் ஒரு பங்கு உழைப்பாவது மிச்சமாகும். அதற்காக அவருடைய பின் சக்கரமும் உங்கள் முன் சக்கரமும் பக்கவாட்டில் ஒன்றையொன்று தாண்டும்படி போகக்கூடாது. அவர் ஒரு குழியைத் தவிர்க்க லேசாக ஒதுங்கினாலும் விழப்போவது நீங்கள்தான். முன்னால் இருப்பவர் பள்ளம், மணல், வேகத்தடை எல்லாவற்றையும் கையால் காட்டி வாயாலும் கத்த வேண்டும். பின்னால் பஸ் வந்தால் கடைசி ஆள் "வண்டி" என்று ஒரு குரல் கொடுக்க, அது ஒவ்வொருவராக முன்னால் போய்ச் சேர வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல இடங்களில் அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. ஜல்லிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரே வரிசையில்தான் போக வேண்டும். பேச்சுத் துணைக்கு இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுவதெல்லாம் ஊருக்குள் காலியான சாலையில் வைத்துக்கொள்ளலாம். இதை வார இறுதிகளில் அதே ஆட்களோடு பழக வேண்டும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வருகிறவரை நான் குழுவில் சேர்ப்பதில்லை. இதில் சமரசம் கிடையாது.

இப்போது வண்டி. வேனோ டாடா ஏஸோ எதுவானாலும், பயிற்சி அதற்கும் வேண்டும். டிரைவர்கள் நினைப்பது, சைக்கிளுக்குப் பின்னாலேயே இருபது கிலோமீட்டர் வேகத்தில் இன்டிகேட்டர் போட்டு உருட்டிக்கொண்டு வருவதுதான் பாதுகாப்பு என்று. நெடுஞ்சாலையில் அதைவிட ஆபத்து வேறில்லை. பின்னால் வரும் பஸ் அந்த வேனை முந்திக்கொண்டு நேராக நம் மேல்தான் ஒதுங்கும். வண்டி இருபத்தைந்து கிலோமீட்டர் முன்னால் தாண்டிப் போய், நிழலான இடமாகப் பார்த்து நின்று, கடைசி ஆள் கடந்த பிறகு அடுத்த இடத்துக்குத் தாவ வேண்டும். கடைசி ஆளோடு அனுபவமுள்ள ஒருவர் ஸ்வீப்பாக வர வேண்டும். அவர் கையில் டிரைவரின் போன் நம்பர்.

எங்களோடு வழக்கமாக வரும் டிரைவர் அண்ணன் தூத்துக்குடிக்காரர். முதல்முறை இதை விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "தம்பி, திருச்செந்தூருக்கு நடக்கிற ஆளுகளுக்கு நான் வருஷா வருஷம் வண்டி ஓட்டுதேன். அவுகளுக்கும் இப்படித்தான். முன்ன போயி அடுப்பு மூட்டணும், பின்ன நின்னா ஒண்ணும் நடக்காது."

எனக்கு அது முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. நாம் என்னமோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சப்போர்ட் வண்டி, ரீகுரூப் (பிரிந்தவர்கள் ஓரிடத்தில் மறுபடி சேர்வது), ஸ்வீப் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தைப்பூசத்துக்குப் பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடக்கிறவர்களும், குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தாரும் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். யார் எங்கே தங்குவது, கஞ்சி எங்கே, கால் வீங்கியவரை யார் பார்ப்பது என்று எல்லாம் எழுதாத ஒழுங்காக இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் தூத்துக்குடிச் சாலையில் போனால் முருகன் படம் கட்டி, மைக் செட் போட்டு, தண்ணீர் டிரம்மோடு நிற்கும் குட்டி யானை வண்டிகளை நின்று கவனியுங்கள். எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், எதைக் கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நமக்கு வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது. விரதம் இருக்கும் அந்த மாதம்கூட ஒரு வகையில் உடம்பைத் தயார்செய்வதுதானே என்று தோன்றும்.

வண்டிக்குள் சாமான் அடுக்குவதிலும் அண்ணன் சொன்னதுதான் எங்களுக்கு இப்போது சட்டம். ராத்திரிப் பைகள் அடியில். அதற்கு மேல் ஸ்பேர் பெட்டி. பின்கதவைத் திறந்ததும் கைக்குப் படும்படி தண்ணீர் கேன், வாழைத்தார், உப்பு, முதலுதவிப் பெட்டி. ஆளுக்கு ஒரு பைதான், பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பகலில் வேண்டியதைத் தனிச் சின்னப் பையில் போட வேண்டும். சன்ஸ்கிரீனைத் தேடி நடுரோட்டில் எல்லார் பையையும் இறக்குகிறவருக்கு அன்றைய டீச் செலவு.

பெண்கள் வரும் குழு என்றால் நிறுத்தும் இடங்களைக் கழிப்பறையை வைத்துத் தீர்மானியுங்கள். டீக்கடை இரண்டாம் பட்சம். பாதையை முன்கூட்டியே காரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டாமல், சுத்தமாக இருக்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். இதைச் செய்யாத குழுக்களில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே ஓட்டுகிறார்கள். மத்தியானம் மயக்கம் வந்தால் 'ஸ்டாமினா இல்லை' என்று பேச்சு வேறு. எங்கள் குழுவில் ஓர் அக்கா இதை முகத்துக்கு நேராகக் கேட்ட பிறகுதான் வரைபடத்தில் பங்குகளைக் குறிக்கும் வேலை தொடங்கியது. இப்போது அந்த வரைபடம் ஆண்களுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

ராத்திரி. அறைக்கு வந்ததும் படுக்கையில் விழக்கூடாது, விழுந்தால் எழ முடியாது. முதலில் குளியல், குளிக்கும்போதே ஷார்ட்ஸைத் துவைத்துவிட வேண்டும். காயாத ஷார்ட்ஸில் மறுநாள் உட்கார்ந்தால் புண் நிச்சயம். கையால் பிழிந்தால் பேடில் இருக்கும் தண்ணீர் போகாது. காய்ந்த துண்டை விரித்து, அதன் மேல் ஷார்ட்ஸை வைத்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, தரையில் போட்டு ஏறி நின்று மிதியுங்கள். பாதித் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். மின்விசிறிக்கு நேராக நாற்காலியில், பேட் வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டால் காலைக்குள் காய்ந்திருக்கும். ஆனாலும் மூன்று செட் இருப்பது நல்லது. குறட்டை விடுகிறவர்களை ஒரே அறையில் போட்டுவிடுங்கள், அவர்களுக்குள் பிரச்சினை வராது. மற்றவர்கள் காதடைப்பான் எடுத்துவருவது நலம்.

கடல் காற்றில் செயின் ஒரே ராத்திரியில் செம்பழுப்பு பூத்துவிடும், முக்கியமாக உப்பளங்களைத் தாண்டிய நாளில். துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட்டுப் படுங்கள். ஐந்து நிமிஷ வேலை. அடுத்த நாள் 125 கிலோமீட்டரும் கிரீச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உங்கள் பக்கத்தில் வரவிருப்பவருக்கு நீங்கள் செய்யும் உதவி.

திரும்பி வருவதையும் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கன்னியாகுமரியில் இறங்கி, மூன்று கடலையும் பார்த்துப் படம் எடுத்த பிறகு யாருக்கும் எதையும் ஏற்பாடு செய்யும் மனநிலை இருக்காது. ஆட்கள் சாயங்காலக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்துவிடலாம், டிக்கெட்டை முன்பே எடுத்திருந்தால். சைக்கிள்களை ரயில் பார்சலில் போட்டால் எல்லாம் ஒரே ரயிலில் ஏறும் என்று உறுதி கிடையாது. அதனால் நாங்கள் வண்டியிலேயே ஏற்றிவிடுகிறோம். சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் இடையில் அட்டை, கியர் பக்கம் வெளியே பார்க்காதபடி. அதற்கு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பெடலைக் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ், வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். இதை ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் குழுவில் எழுதிப் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் கன்னியாகுமரியில் இரண்டு பேராவது, ஒருவர் சைக்கிளைப் பிடிக்க மற்றவர் முழு பலத்தோடும் இடது பெடலை இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.